துள்ளுநடை

ஜெர்மனியின் வடக்கே, ஆறு கடலில் போய்ச் சேருகிற இடத்தில், காலை வைத்தால் கணுக்கால்வரை இழுக்கிற களிமண் பூமி ஒன்று உண்டு. அந்த ஊரில் ஏருக்கு மாடு கிடையாது, குதிரைதான். பிறகு டிராக்டர் வந்தது. குதிரைகள் இனி எதற்கு என்று ஊரே கையை விரித்தது. அப்புறம் யாரோ ஒரு புண்ணியவான் அவற்றின் முதுகில் சேணத்தைப் போட்டு, வேலி தாண்டவும் நடை காட்டவும் பழக்கி, விளையாட்டுக் குதிரை என்று பேர் வைத்தார். இந்தக் கதை அதற்குச் சில வருஷங்கள் கழித்து நடந்தது.

ஹின்னெர்க் என்பவருடைய பண்ணையில் லெவின் என்று ஒரு ஆண்குதிரை இருந்தான். இரண்டரை வயது. செம்பழுப்பு நிறம். உயரத் தூக்கிய கழுத்து, சாய்ந்து நீண்ட தோள், பின்னங்கால்களில் அப்படி ஒரு பலம். இடது தொடையில் அந்த நாட்டுக் குதிரைகளுக்குப் போடும் சூட்டு முத்திரை. சூடு இல்லாத குதிரையை அந்த ஊர்க்காரர்கள் குதிரை என்றே ஒத்துக்கொள்ள மாட்டார்கள். அவ்வளவு திமிர்.

லெவினின் உடம்பில் இரண்டு பேர் குடியிருந்தார்கள். அகன்ற முதுகில் பொறுமை. குளம்புக்கு மேலே, மெல்லிய கணுக்காலுக்குள் பயம்.

பொறுமை பழைய குடித்தனக்காரி. ஏர் இழுத்த பெட்டைக்குதிரைகளின் வழியாக வந்தவள். பீரங்கி இழுத்த காலத்தில் பயம் வந்து நுழைந்தது. பின்னால், கனத்த உடம்பை இளைக்கவைக்க இங்கிலாந்திலிருந்து பந்தயக் குதிரைகளைக் கொண்டுவந்து கலந்தார்களே, அப்போது அந்த ரத்தத்தோடு இன்னும் கொஞ்சம் பயம் வந்து ஒட்டிக்கொண்டது. ஏர்க்குதிரைக்குக் குளிர்ந்த ரத்தம், பந்தயக் குதிரைக்குச் சூடான ரத்தம், இவனுக்கு வெதுவெதுப்பான ரத்தம் என்று அங்கே சொல்வார்கள். தொட்டுப் பார்த்துச் சொல்வதில்லை, குணத்தைப் பார்த்துச் சொல்வது.

வளர்த்தவர்கள் தலைமுறை தலைமுறையாக அமைதியானதையே பொறுக்கியெடுத்து இனம் பெருக்கினார்கள். அதனால் பயம் சுருங்கிச் சுருங்கிக் கடுகளவாகி, லெவினின் கணுக்காலில் பேச்சுமூச்சில்லாமல் தூங்கிக்கொண்டிருந்தது. லெவினுக்கு அது இருப்பதே தெரியாது. மேய்ச்சல் நிலத்தில் ஓக்கோ என்ற சிநேகிதனோடு நாள் முழுக்க மேய்வான். ஒருவன் முதுகை ஒருவன் பல்லால் சொறிந்துவிடுவான். வேறென்ன வேண்டும் ஒரு குதிரைக்கு?

இலையுதிர் காலத்தில் ஒரு நாள் இரண்டு பேரையும் லாயத்துக்குக் கொண்டுவந்து கட்டினார்கள். சுவரில் தொங்கிக்கொண்டிருந்த கடிவாளம் அவர்களைப் பார்த்துக் கணகணவென்று சிரித்தது. பித்தளை வளையம் போட்ட, பளபளவென்று துடைத்த கடிவாளம். வாயாடி.

"வாங்க மாப்பிள்ளைகளா. தேர்வுக்கா?"

"என்ன தேர்வு?" என்றான் லெவின்.

"அடப்பாவமே, இதுகூடத் தெரியாதா? நகரத்து அரங்கத்துல மூணு நடுவர்கள் உட்கார்ந்திருப்பாங்க. உங்களை நடக்கவிட்டு, தாண்டவிட்டுப் பார்ப்பாங்க. பிடிச்சிருந்தா நீங்க பொலிகுதிரை. நாடு முழுக்க உங்க பிள்ளைகள்தான்."

"பிடிக்கலைன்னா?"

கடிவாளம் குரலைத் தாழ்த்தியது. "வெள்ளை அங்கி போட்ட வைத்தியர் ஒருத்தர் வருவார். கையில தோல்பை. பைக்குள்ள கத்தி. காயடிச்சுடுவாங்க, தம்பி. அதோட உன் வம்சம் உன்னோட முடிஞ்சுது. எத்தனை பேர் என்னைப் போட்டுக்கிட்டுப் போனாங்க தெரியுமா? நூத்துல அஞ்சு பேரு முழுசாத் திரும்பினாப் பெரிய விஷயம்."

ஓக்கோ வைக்கோலை மென்றுகொண்டே, "சரிதான்" என்றான். அவ்வளவுதான் அவன் கவலை. லெவினுக்கு அப்படி இல்லை. வாயிலிருந்த வைக்கோல் அப்படியே நின்றது. கணுக்காலில் ஏதோ புரண்டு படுத்தது மாதிரி இருந்தது.

மறுநாள் பயிற்சி. ஹின்னெர்க்கின் மனைவி வீப்கே லெவினின் கயிற்றைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் ஓடினாள். லெவின் நிதானமாக ஓடினான். நல்ல ஓட்டம்தான். காலடி நீளம், முதுகு தளர்வு, காது இரண்டும் வீப்கே பக்கம். ஹின்னெர்க் வேலியோரம் நின்று உதட்டைப் பிதுக்கினார்.

"போதாது" என்றார்.

"எது போதாது? பஞ்சு மாதிரி போறான்."

"போன வருஷம் தேர்வானதையெல்லாம் பார்த்தேல்ல? தரையே தொடலை. இவன் பால்காரன் வண்டி இழுக்குற மாதிரி ஓடுறான்."

சொல்லிவிட்டு அவர் ஒரு தகர டப்பாவை எடுத்தார். உள்ளே கூழாங்கற்கள். அந்த ஊரில் எல்லாரும் செய்கிற வேலைதான் இது. குதிரைக்குப் பின்னால் போய் டப்பாவை ஆட்டினால் அது மிரண்டு காலைத் தூக்கிப் போடும். பார்க்கிறவன் ஆகா என்பான்.

"வேண்டாம் ஹின்னெர்க். பயமுறுத்தாதே" என்றாள் வீப்கே.

"பயமுறுத்தலை. எழுப்பிவிடுறேன்."

அவருக்கே தெரியாமல் உண்மையைச் சொன்னார் மனுஷன். தகர டப்பா தொண்டை கிழியக் கத்தியது: "வர்றான்! வர்றான்! வெள்ளை அங்கிக்காரன் வர்றான்!" டப்பாவுக்கு ஒன்றும் தெரியாது, யார் ஆட்டினாலும் அது எதையாவது கத்தும். ஆனால் லெவின் அதை நம்பிவிட்டான். வால் நட்டுக்கொண்டது. மூக்கு விடைத்தது. தரை சுடுகிற மாதிரி ஒவ்வொரு காலும் மேலே எழும்பி, ஒரு கணம் காற்றிலேயே நின்று, அப்புறம்தான் இறங்கியது.

ஹின்னெர்க் தொப்பியைக் கழற்றி வானத்தில் எறிந்தார். "பார்த்தியா வீப்கே! பார்த்தியா!"

அவள் லெவினின் கழுத்தில் கையை வைத்தாள். தோல் வெடவெடவென்று ஆடிக்கொண்டிருந்தது. "ஒண்ணுமில்லடா, ஒண்ணுமில்ல" என்று தடவிக்கொடுத்தாள். அவன் காதில் அது ஏறவில்லை.

அன்று மாலை ஓக்கோவோடு வேலியோரம் நின்றபோது லெவினின் கணுக்காலிலிருந்து மெல்லிய குரல் கேட்டது. மரியாதையான குரல், கடைக்காரர் வாடிக்கையாளரிடம் பேசுகிற மாதிரி.

"வணக்கம் தம்பி. என்னை எழுப்பிட்டாங்க. நான்தான் பயம்."

லெவின் துள்ளி விழுந்தான்.

"பதறாதீங்க. உங்களுக்கு உதவி பண்ணத்தான் பேசுறேன். இன்னிக்கு உங்க கால் பறந்துச்சே, அது நான். அரங்கத்துலேயும் நானே தூக்கிவிடுறேன். நடுவர்கள் அசந்துடுவாங்க. கத்தி உங்க பக்கமே வராது."

முதுகிலிருந்து பொறுமை கொட்டாவி விட்டபடி எழுந்தாள். கனத்த, நாட்டுப்புறத்துக் குரல் அவளுக்கு.

"யார் கிட்டடா பேசுற, கண்ணு? அந்தக் களவாணிகிட்டயா? நான் சொல்றதைக் கேளு. உங்க பாட்டிமார் இந்தக் களிமண்ணுல ஏர் இழுத்தாங்க. கோமான்களோட கோச்சு வண்டியை இழுத்தாங்க. குண்டு விழுந்த ரோட்டுல பிள்ளைகுட்டிகளை வண்டியில வச்சு இழுத்துக்கிட்டுப் போனாங்க. எல்லாத்துலயும் நான்தான் கூட இருந்தேன். தேர்வுலயும் என்னோட நட. உன் ஓட்டம் உன்னோடதா இருக்கட்டும்."

"உன்னோட நடந்தா நான் தேர்வாவேனா?" என்று கேட்டான் லெவின்.

பொறுமைக்குப் பொய் சொல்லத் தெரியாது. அதுதான் அவளுடைய குறை. "ஆகலாம். ஆகாமலும் போகலாம்" என்றாள்.

"என்னோட வந்தா நிச்சயம்" என்றது பயம். "தேர்வு முடிஞ்சதும் நான் பாட்டுக்குப் போயிடுவேன். சத்தியம்."

லெவின் யோசித்தான். யோசித்தானா? கத்தியைத்தான் நினைத்தான். இரண்டரை வயதுப் பிள்ளை வேறு எதை நினைப்பான், பாவம்! "சரி" என்று சொல்லிவிட்டான்.

"அப்போ எனக்கு இடம் பத்தாது, கண்ணு" என்றாள் பொறுமை. "அது தூங்குனா ரெண்டு பேரும் இருக்கலாம். முழிச்சுட்டா ஒருத்தருக்குத்தான் இடம்."

அந்த நேரம் ஓக்கோ வழக்கம்போல லெவினின் முதுகைச் சொறிந்துவிட வந்தான். லெவினும் ஓக்கோவின் முதுகில் பல்லை வைத்தான். பொறுமை புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு வாய்க்கால் தாண்டுகிறவளைப் போல ஓக்கோவின் முதுகுக்கு ஏறிப் போய்விட்டாள். லெவினின் முதுகு பலகை மாதிரி விறைத்தது.

தேர்வு நாளும் வந்தது. பிடரியைப் பின்னி, குளம்பில் எண்ணெய் தடவி அழைத்துப் போனார்கள். அரங்கம் நிறைய ஜனம். நடுவில் தொப்பி போட்ட மூன்று நடுவர்கள். அவர்களைச் சுற்றி முக்கோணமாக ஒரு பாதை. அந்தப் பாதையில்தான் ஒவ்வொரு குதிரையையும் ஓட்டிக் காட்டவேண்டும். வாசல் ஓரத்தில் வெள்ளை அங்கிக்காரர் தோல்பையோடு உட்கார்ந்து ரொட்டி தின்றுகொண்டிருந்தார். கால் அடிபட்டால் பார்க்க வந்தவர் அவர், வேறு வேலை அன்றைக்கு அவருக்கு இல்லை. ஆனால் லெவின் அந்தப் பையைப் பார்த்துவிட்டான். கண்ணை எடுக்கவில்லை.

பைக்குள்ளிருந்து கத்தி சலிப்போடு சொன்னது: "என்னை ஏன்டா முறைக்கிற? நான் யாரையும் தேடிப் போறவன் இல்லை. என்கிட்ட அனுப்பிவைக்கிறாங்க, நான் வேலையைப் பார்க்கிறேன்."

முதலில் ஓக்கோ போனான். மேய்ச்சலுக்குப் போகிற மாதிரியே போனான். தாண்ட வைத்த கட்டைகளைப் பார்த்தான், அளந்தான், முதுகை வளைத்து அழகாகத் தாண்டினான், இறங்கி ஒரு தும்மல் போட்டான். ஜனங்களில் ஒன்றிரண்டு பேர் சிரித்தார்கள்.

"நல்ல பிள்ளை" என்றார் தலைமை நடுவர் யூர்கென்ஸ். "ஆனால் நடை சாதாரணம்."

அடுத்தது லெவின். அவன் உள்ளே நுழைந்ததும் ஹின்னெர்க் பின்னாலிருந்து டப்பாவை ஒரு ஆட்டு ஆட்டினார். அதுகூடத் தேவையில்லை. ஜனம், வெளிச்சம், ஒலிபெருக்கி, அந்தப் பை என்று எல்லாமே பயத்துக்குத் தீனி. கடுகளவு இருந்த பயம் நான்கு கால்களிலும் பொங்கி நிறைந்தது. லெவின் எழும்பினான். பாதையில் ஓடவில்லை, பாதைக்கு மேலே மிதந்தான். கட்டை தாண்ட விட்டபோது கட்டைக்கு மேலே இன்னொரு கட்டை இருந்தாலும் தாண்டியிருப்பான்.  அப்புறம் ஒரே கைதட்டல். அந்தச் சத்தத்தில் அவன் இன்னும் மிரண்டு, இன்னும் மிதந்தான்.

"அந்த மிதப்பைப் பாருங்க!" என்றார் யூர்கென்ஸ். அவர் கண்ணே கலங்கிவிட்டது. "இருபது வருஷமா இதுக்குத்தான் காத்துக்கிட்டிருந்தேன். தோள் என்ன, கழுத்து என்ன, பின்னங்கால் என்ன!"

பக்கத்திலிருந்த பெண் நடுவர் மட்டும் முன்னால் சாய்ந்து பார்த்தாள். "ஐயா, கண்ணைப் பார்த்தீங்களா? வெள்ளை தெரியுது. குதிரை வேர்த்துக் கொட்டுது."

"கண்ணுக்கு நாம மதிப்பெண் போடுறதில்லையேம்மா" என்றார் யூர்கென்ஸ்.

அது வாஸ்தவம்தான். கழுத்துக்கு உண்டு, முதுகுக்கு உண்டு, நடைக்கு உண்டு, தாண்டலுக்கு உண்டு. உள்ளே யார் குடியிருக்கிறார்கள் என்பதற்கு எந்த நடுவர் மதிப்பெண் போட்டிருக்கிறார்? அந்த அம்மாள் பின்னால் சாய்ந்து மதிப்பெண்ணை எழுதினாள்.

சாயங்காலம் எல்லாரையும் வரிசையாக நிறுத்தி ஒலிபெருக்கியில் அறிவித்தார்கள். லெவின், தேர்வு. அந்த வருஷத்தின் முதல்வன். ஓக்கோ, தேர்வில்லை. லெவினுக்குப் போன உயிர் திரும்பி வந்தது. ஓக்கோவைத் திரும்பிப் பார்க்கத் தைரியம் இல்லை. ஓக்கோவோ, "ஆச்சா? வீட்டுக்குப் போலாமா?" என்று கேட்டான்.

வீட்டுக்கு வந்ததும் லெவின் மூச்சை விட்டு, "முடிஞ்சுது. நீ சொன்ன மாதிரி கிளம்பு" என்றான்.

"கிளம்பறதா?" என்றது பயம். இப்போது அது மரியாதையாகப் பேசவில்லை. "என்னடா பேச்சு இது? அவங்க யாருக்குக் கைதட்டினாங்கன்னு நினைக்கிற? முத்திரை உன் தொடையில இருக்கலாம். தேர்வானது நான்."

லெவினுக்குத் தனி லாயம் கொடுத்தார்கள். பெரியது, உயரமான சுவர். பொலிகுதிரைகள் சண்டைக்காரர்கள் என்று இரண்டு வரிசை வேலி போட்டார்கள். எந்தக் குதிரையும் அவனை மூக்கால் தொட முடியாது, முதுகு சொறிய முடியாது. காற்றில் கதவு ஆடினால் அவனுக்கு நெஞ்சு அடித்துக்கொள்ளும். வைக்கோல் மூட்டையின் நிழலைப் பார்த்துச் செருமுவான். பார்க்க வருகிறவர்களோ, "என்ன உயிர்த்துடிப்பு!" என்பார்கள். மூடர்கள்.

ஓக்கோவுக்கு நடக்கவேண்டியது நடந்தது. சில வாரம் கழித்து அவன் வேலிக்கு அந்தப் பக்கம் மேய வந்தான். லெவின் தயங்கித் தயங்கிக் கேட்டான்.

"ரொம்ப... ரொம்ப வலிச்சுதா?"

"குளவி கொட்டின மாதிரி இருந்துச்சு. நாலு நாள் வீங்கிச்சு. அப்புறம் புல் தின்ன வந்துட்டேன்" என்றான் ஓக்கோ. "இப்போ வீப்கே என் மேல ஏறிப் போறா. நேத்து ஆத்தோரம் போனோம். வாத்துக் கூட்டம் ஒண்ணு திடீர்னு பறந்துச்சு. வேடிக்கை பார்த்துக்கிட்டு நின்னோம்."

லெவின் அப்படியே நின்றான். இவ்வளவுதானா? இதற்கா இத்தனையும்? அவனுக்கு அழுகை வந்தது. குதிரை அழுமா என்று கேட்காதீர்கள், அழுதான்.

"ஓக்கோ, பொறுமை உன்கிட்டதானே இருக்கா? கொஞ்சம் அனுப்பேன்."

"இங்கதான் கண்ணு இருக்கேன்" என்றாள் பொறுமை ஓக்கோவின் முதுகிலிருந்து. "எனக்கு வரணும்னுதான் இருக்கு. ரெண்டு வேலிக்கு நடுவுல எதை மிதிச்சு வர்றது? இவன்கிட்ட சௌக்கியமாத்தான் இருக்கேன். ஒரே ஒரு குறை, இவனுக்குப் பின்னால எனக்குப் போக வீடு கிடையாது."

பனிக்காலம் முடிந்து, லெவினிடம் நாலாபக்கத்திலிருந்தும் பெட்டைக்குதிரைகள் வந்தன. அதற்கடுத்த வசந்தத்தில் குட்டிகள் பிறந்தன. அந்த ஊர் வழக்கப்படி அப்பன் பேரின் முதல் எழுத்திலேயே குட்டிகளுக்கும் பேர் வைத்தார்கள். மூத்தது லாரிக். பிறந்து சில வாரம்தான். தாயோடு அதை லெவினின் வேலிப்பக்கம் முதல்முறையாக அவிழ்த்துவிட்டபோது பார்க்க ஊரே கூடிவிட்டது. யூர்கென்ஸும் வந்திருந்தார்.

ஒரு காய்ந்த இலை காற்றில் உருண்டு வந்து குட்டியின் முன்னால் விழுந்தது. அவ்வளவுதான். குட்டி வாலைத் தூக்கியது. குச்சிக் கால்கள் நாலும் தரையை விட்டு எழும்பின. அது தாயைச் சுற்றி மிதந்தது, மிதந்துகொண்டே இருந்தது. டப்பாவை யாரும் தொடவேயில்லை.

"அப்பன் நடை! அப்படியே அப்பன் நடை!" என்று ஹின்னெர்க் கூவினார். ஜனம் கைதட்டியது. யூர்கென்ஸ் அவர் கையைப் பிடித்துக் குலுக்கி, "இவனையும் தேர்வுக்குக் கொண்டு வா" என்றார். வீப்கே மட்டும் கைதட்டாமல் ஓக்கோவின் மேல் சாய்ந்து நின்றாள். அன்றைக்குக் குட்டிகளைப் பரிசோதிக்க வந்திருந்த வெள்ளை அங்கிக்காரர் தோல்பையை வேலிக்கட்டையில் மாட்டிவிட்டு அவரும் கைதட்டினார்.

லாரிக் ஓடி ஓடிக் களைத்து வேலி ஓரம் வந்தது. விலா இரண்டும் ஏறி ஏறி இறங்கின. உள்வேலிக்குப் பின்னால் நின்ற லெவினை நிமிர்ந்து பார்த்தது.

"அப்பா, எல்லாரும் எதுக்குக் கைதட்டுறாங்க? நான் பயந்துதானே ஓடினேன்?"

 பயப்படாதே, நில்லு, அது வெறும் இலை, இங்கே ஒன்றும் இல்லை என்று சொல்லத்தான் லெவின் வாயைத் திறந்தான். திறந்தபோது வேலிக்கட்டையில் தொங்கிய தோல்பை கண்ணில் பட்டது.

"நிக்காதே" என்றான் லெவின். "ஓடு."